பதினாறு நிறத்தில் ஒரு தெரு

நல்லவேளை, ஸ்கேன் பண்ணின டிஃப் கோப்பை அழிக்கவில்லை. அழிக்காமல் விட்டது என் சாமர்த்தியம் இல்லை, பயம்தான். எதையும் அழிக்க எனக்குக் கை வராது. கம்ப்யூட்டரில் இடமில்லை இடமில்லை என்று கடைக்காரன் செல்வின் நாள் தவறாமல் கத்துகிறான், "யக்கா, இந்தக் கல்யாணப் பேனரு எதுக்கு இன்னும் கெடக்கு, அவங்களுக்குப் பிள்ளை பொறந்து அதுக்கும் நாமதான பேனர் அடிச்சோம்" என்பான், நானும் சரிப்பா என்று சொல்லிவிட்டு அந்தப் பெண்ணையும் மாப்பிள்ளையையும் வேறொரு மூலையில் கொண்டுபோய் வைத்துவிடுவேன். அப்படி வைத்து வைத்துத்தான் இந்தப் படமும் இருக்கிறது. முழுப் படம், ஸ்கேனர் கண்ணுக்கு என்னவெல்லாம் தெரிந்ததோ அத்தனை நிறத்தோடும். அதைத் திறந்து, எங்கள் தெருவை மட்டும் வெட்டி எடுத்து, நிறத்தில் கை வைக்காமல் பிஎன்ஜியாகச் சேமித்து, புஷ்பத்தின் போனுக்கு அனுப்பிவிட்டேன். அனுப்பிவிட்டேன் என்றால் அனுப்பிக்கொண்டிருக்கிறேன். வட்டம் சுற்றுகிறது. புஷ்பம் என் வீட்டுக்காரரின் தங்கை, அவளைக் கட்டிக்கொடுத்ததும் எங்கள் தெருவிலேயேதான், இப்போது கோரைவிளையில், தண்ணீருக்கு ஆழ்துளை போடுகிற போர் வண்டிக்குப் பக்கத்தில் போனைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பாள். நிற்க வேண்டும். போனை இடுப்பில் செருகிவிட்டு வண்டிக்காரருக்குக் காப்பி போடப் போயிருந்தால் என்ன செய்வது. மூன்று தடவை கூப்பிட்டேன், எடுக்கவில்லை. வட்டம் பாதி வந்திருக்கிறது. பாதி என்றால் எங்கள் தெருவில் எதுவரை போயிருக்கும், கோயில்வரை போயிருக்குமா, இல்லை படம் அப்படித் தெருத்தெருவாகப் போகாதா, எனக்குத் தெரியாது.

காலையில் அனுப்பிய படத்தைத்தான் இப்போது நினைக்கவே கூசுகிறது. அந்த வரைபடம் ஒரு பொறியாளர் வீட்டிலிருந்து வந்தது. நிலத்தடி நீர் பார்க்கிற வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர், எங்கள் பக்கத்து ஊர்கள் எல்லாவற்றிலும் கிணறு கிணறாகப் போய்த் தண்ணீரைச் சோதித்துத் தன் கையாலேயே வரைந்து, தண்ணீர்ச் சாயம் தீட்டி வைத்திருந்தாராம். அவர் இறந்தபிறகு மகள் பெங்களூருக்கு எடுத்துப் போகிறபோது, மடிப்பில் கிழிகிறதே என்று எங்கள் கடையில் ஸ்கேன் பண்ணக் கொடுத்தாள். நான்தான் பண்ணினேன். பெரிய ஸ்கேனரில் தாளை உள்ளே விடுகிற வேலையை செல்வின் என்னிடம் மட்டும்தான் கொடுப்பான், பயந்த கைக்குத் தாள் கிழியாதாம். கோரைவிளை என்று எழுதியிருந்ததைப் பார்த்ததும் எனக்கு உடம்பெல்லாம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. எங்கள் ஊர், எங்கள் தெரு, கோயில், குளம், எல்லாம் சிறு சிறு கோடாக. நல்ல தண்ணீர் இருக்கிற இடம் இளம்பச்சை, லேசாகக் கரிக்கிற சப்புத் தண்ணீர் இளமஞ்சள், உப்புத் தண்ணீர் செம்மண் நிறம். தெரு முழுக்கச் செம்மண்ணும் மஞ்சளுமாக இருக்க, நடுவில் நாக்கு நீட்டினது மாதிரி ஒரே ஒரு பச்சைப் பட்டை. படி எடுத்துக்கொள்ளலாமா என்று அந்தப் பெண்ணிடம் கேட்டேன், "தாராளமா எடுத்துக்கோங்கம்மா, அப்பா சந்தோஷப்படுவாங்க" என்றாள். அந்தப் பட்டையை நம்பித்தான் இன்று தெருவுக்குப் போர் போட வண்டி வந்து நிற்கிறது. நான் என்ன செய்தேன். "மைனி, சின்னதா அனுப்புங்க, என் போன்ல எடமில்ல, பெருசா அனுப்புனா அப்டியே சுத்திக்கிட்டே நிக்கும்" என்று புஷ்பம் சொன்னதைக் கேட்டு, நிறத்தைக் குறைத்தால் படம் சிறிதாகும் என்று செல்வின் எப்போதோ சொன்னதும் ஞாபகம் வர, குறைக்கப் போனேன். எத்தனை நிறம் வேண்டும் என்று திரையில் ஒரு பெட்டி கேட்டது. நான் படத்தைப் பார்த்து எண்ணினேன். பச்சை, மஞ்சள், செம்மண், குளத்துக்கு நீலம், ரோட்டுக்குச் சிவப்பு, எழுத்துக்குக் கறுப்பு, தாளின் வெள்ளை, எப்படி எண்ணினாலும் பத்தைத் தாண்டவில்லை. பதினாறு என்று ஒன்று இருந்தது. பதினாறு போதும், மிச்சமே இருக்கும் என்று அமுக்கிவிட்டேன், திறந்துகூடப் பார்க்காமல் அனுப்பினேன். எல்லாவற்றையும் மூன்று தடவை பார்க்கிறவள், வாசலைப் பூட்டிவிட்டுத் திரும்பி வந்து இழுத்துப் பார்க்கிறவள், இதைப் பார்க்கவில்லை.

மத்தியானம் ஒரு பிரதி அடித்து எடுத்துப் போவோம் என்று அதையே திறந்தபோதுதான் தெரிந்தது. பச்சை இல்லை. மஞ்சளும் இல்லை. இரண்டும் சேர்ந்து சவ்வரிசிக் கஞ்சி மாதிரி ஒரு நிறமாகிக் கிடந்தது, நாக்கு எங்கே இருந்தது என்றே தெரியவில்லை. பதினாறு நிறமும் எங்கே போனது என்று பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். தாள் பழுத்த பழுப்பு ஒன்றை எடுத்துக்கொண்டது. மடிப்பின் நிழல் இரண்டை எடுத்துக்கொண்டது. ஓரத்தில் அந்த மனுஷர் வைத்த காப்பித் தம்ளரின் வளையம், அதற்கொன்று. கறுப்பு எழுத்து என்று நான் எண்ணினேனே, அது கறுப்பு மட்டும் இல்லை, கறுப்பிலிருந்து வெள்ளைக்கு இறங்குகிற சாம்பல்கள் அதன் ஓரமெல்லாம் இருந்தன, அவையே நாலைந்தைச் சாப்பிட்டுவிட்டன. நான் எண்ணியது நிறத்தின் பெயர்களை. மிஷினுக்குப் பெயர் ஏது. அது எது அதிகமாக இருக்கிறதோ அதற்கு இடம் கொடுத்தது, எங்கள் பச்சை கொஞ்சமாக இருந்தது, கொஞ்சமாக இருந்ததை மஞ்சளோடு ஒட்டிப் போட்டுவிட்டது. ஆறாம் வகுப்பில் நானும் இதையேதான் செய்தேன், என் டப்பாவில் இருந்தது நாலு துண்டுப் பென்சில்தான், இந்தியப் படத்தில் கேரளத்துக்கும் நமக்கும் ஒரே ஆரஞ்சு அடித்துவிட்டேன், "ஏட்டி, மலையை எங்க கொண்டு போட்ட" என்று டீச்சர் கேட்டார்கள், வகுப்பே சிரித்தது. அதற்குப்பிறகு இரண்டு வருஷம்தான் பள்ளிக்கூடம். எட்டோடு நின்றுவிட்டேன். இந்தக் கடைக்கு வந்தபிறகு எட்டு பிட் என்றால் இருநூற்று ஐம்பத்தாறு நிறம், நாலு பிட் என்றால் பதினாறு என்று செல்வின் சொன்னதும் எனக்கு ஏறவில்லை, நாலு எப்படிப் பதினாறாகும் என்று வீட்டில் போய் ஸ்விட்ச் போர்டைப் பார்த்துக்கொண்டே நின்றேன். நாலு ஸ்விட்ச். ஒன்றைப் போட்டு மற்றதை அணைத்து, இரண்டைப் போட்டு இரண்டை அணைத்து, மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தால் பதினாறு விதம் வந்தது, வந்ததும் எனக்கு ஒரே சந்தோஷம். "பல்பப் பீஸாக்கிட்டுத்தான் படுப்பியா" என்று வீட்டுக்காரர் கட்டிலில் இருந்து கேட்டார். அந்தச் சந்தோஷம்தான் காலையில் பெட்டியில் பதினாறைப் பார்த்ததும், தெரிந்தவரைப் பார்த்த மாதிரி, கையை இழுத்துக்கொண்டு போயிருக்க வேண்டும்.

வட்டம் முக்காலுக்கு வந்துவிட்டது. இந்தப் படம் எப்படியும் சரியாகப் போகும், அதில் சந்தேகமில்லை. சந்தேகமில்லை என்று சொல்லிக்கொண்டாலும் மறுபடி ஒருதரம் திறந்து பார்த்தேன், பச்சை இருக்கிறது, புதுத் துளிர் மாதிரி. டிஃப்பாகவே அனுப்பலாம் என்றுதான் முதலில் போனேன், அதுதான் அப்பழுக்கில்லாதது, ஆனால் அது அவள் போனில் திறக்காது, கடையில் எத்தனை பேர் டிஃப்பை வாங்கிக்கொண்டு போய் ஒன்றும் தெரியவில்லை என்று திரும்பி வந்து சண்டை போட்டிருக்கிறார்கள். ஜேபெக்காக அனுப்பினால் எந்தப் போனிலும் திறக்கும், சின்னதாகவும் இருக்கும். விரலை அதில் வைத்தேகூட விட்டேன். செல்வின்தான் டிபன் பாக்ஸை மூடிக்கொண்டே எட்டிப் பார்த்து, "மேப்புக்கு ஜேபெக்கா? அவன் மறதிக்காரன்லா, சேவ் பண்ண பண்ண கொஞ்சங் கொஞ்சமா மறந்துருவான், ஓரமெல்லாம் கலங்கி ஈசிப்போவும்" என்றான். "அப்ப என்னதான்பா செய்ய, நிறத்தக் கொறச்சா நிறம் போவுது, கொறைக்காட்டி போவவே மாட்டேங்கு" என்று என் குரல் அழுகிற மாதிரி வந்துவிட்டது. அவன் கையைத் துடைத்துக்கொண்டு, "சேலை பெருசா இருக்குன்னு சாயத்தையா வெளுப்பாங்க? முந்தானைய மட்டும் வெட்டி அனுப்புங்கக்கா" என்றான். எவ்வளவு லேசான காரியம். பத்து ஊர் இருக்கிற தாளில் எங்களுக்கு வேண்டியது ஒரு தெரு. "போட்டோவா அனுப்பிராதீங்க, போற வழியில வாட்ஸப்பே நசுக்கிரும், டாக்குமென்ட்னு போட்டு அனுப்புங்க" என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போனான். அப்படியே செய்தேன். இப்போது மறுபடி, நாலாவது தடவையாகப் புஷ்பத்தைக் கூப்பிட்டேன், இந்தத் தடவை எடுத்தாள். எடுத்தாள் என்பதைவிடப் போன் திறந்தது என்று சொல்ல வேண்டும். ஹலோ இல்லை, மைனி இல்லை, ஒரு பேரிரைச்சல் மட்டும், இரும்பு கத்துகிற மாதிரி, அதற்கு நடுவில் யாரோ ஒருத்தர் "விடு விடு விடு" என்றது, அப்புறம் அறுந்துவிட்டது.

விடு என்றால் எதை விடு. இறக்கிவிட்டார்கள். கஞ்சி நிறத்தில் எங்கோ ஓர் இடத்தில் இறக்கிக்கொண்டிருக்கிறார்கள். பழைய போரை நினைத்துக்கொண்டேன், கோயிலுக்குப் பக்கத்தில் போட்டது, முதல் மாதம் தேன் மாதிரி இருக்கிறது என்று எல்லாரும் குடம் குடமாகத் தூக்கினோம், அடுத்த மழைக்குள் கரிக்க ஆரம்பித்துவிட்டது. பால் ஊற்றினதும் காப்பி திரியும். பருப்பு வேகாது, மத்தியானம்வரை கொதித்தாலும் பல்லில் கல்லாகக் கடிபடும். தலைக்கு ஊற்றினால் மயிர் தேங்காய் நார். அந்த அடிபம்பை இன்னும் யாரும் பிடுங்கவில்லை, பிள்ளைகள் ஏறி விளையாடுகிறார்கள். நல்ல தண்ணீருக்கு இன்னும் பக்கத்து ஊர்க் குழாய்க்குத்தான் போகிறோம், அந்த ஊர்ப் பெண்கள் எங்கள் குடத்தைப் பார்த்ததும் ஒருத்திக்கொருத்தி கண்ணைக் காட்டிக்கொள்வார்கள், "கோரைவிளைக்காரிய வந்தாச்சு, வழி விடுங்கட்டி, கண்ணு பட்டிரும்" என்பார்கள், சிரித்துக்கொண்டேதான் சொல்வார்கள், நாங்களும் சிரித்துக்கொண்டேதான் கேட்டுக்கொள்வோம். அதற்காகத்தான் தெருக்கூட்டத்தில் எழுந்து நின்றேன். கூட்டத்தில் நான் பேசுகிறவள் இல்லை. தேங்காயைக் கையில் வைத்துக்கொண்டு நடந்து, அது எந்த இடத்தில் எழும்புகிறதோ அங்கே தண்ணீர் என்று சொல்கிறவரைக் கூப்பிடுவோம் என்றார்கள், போன தடவையும் அவர்தான் கோயிலுக்குப் பக்கத்தில் காட்டினார். நான் எழுந்து, படம் ஒன்று இருக்கிறது, பொறியாளர் போட்டது, நான் கண்ணால் பார்த்தேன், அதை நம்பலாம் என்றேன். யாரும் எதிர்த்துப் பேசவில்லை, அதுதான் இப்போது பயம். ஒருத்தராவது முடியாது என்றிருந்தால் பழியில் ஒரு பங்கு அவருக்கும் போயிருக்கும். உப்பு வந்தால் தெருவில் எப்படி நடப்பேன். பூங்கனி சொன்ன இடம் என்று அந்தப் பம்புக்கே பெயர் வைத்துவிடுவார்கள். பேச்சு போகட்டும், பேச்சு நாலு மாதத்தில் மறந்துபோகும், தண்ணீர் மறக்காதே, இன்னொரு தடவை வண்டி கூப்பிட எங்களுக்கு எத்தனை வருஷம் ஆகும், அதுவரை அந்தக் குழாயடியில் அதே சிரிப்பு. நான் செத்து என் மருமகள் வந்தும் அதே சிரிப்பு. மருமகளா, மகனுக்கு இன்னும் பெண்ணே பார்க்கவில்லை, அதற்குள் அவள் தலையில் குடத்தை ஏற்றிவிட்டேன்.

டிக் விழுந்தது. ஒன்று. அப்புறம் இரண்டு. இரண்டு விழுந்தால் போய்ச் சேர்ந்துவிட்டது என்று அர்த்தம், திறந்தாளா என்பது வேறு. "என்னக்கா, பிரசவ வார்டு வாசல்ல நிக்க மாதிரி நிக்கியோ" என்று செல்வின் கேட்டான். போன் அடித்தது. புஷ்பம்தான். எடுத்ததும் நான், "நிப்பாட்டு, நிப்பாட்டச் சொல்லு, அந்தப் படம் தப்பு" என்று கத்திவிட்டேன், ஃப்ளெக்ஸ் அடிக்க வந்த இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். "என்னத்த நிப்பாட்ட? ஆரம்பிச்சால்லா நிப்பாட்ட" என்றாள். ஆரம்பிக்கவில்லையா. "எங்கன ஆரம்பிக்க? நீங்க அனுப்புன படத்தப் பாத்துட்டு வண்டிக்காரரு கம்பியவே எறக்க மாட்டேன்னுட்டாரு. காலையில இருந்து எங்க வீட்டு முறுக்க எல்லாம் தின்னு தீத்துட்டு உக்காந்திருக்காரு, அவரக் கவனிச்சதுல உங்களக் கூப்பிடவும் மறந்துட்டேன்." அப்போ அந்தச் சத்தம்? "அதுவா, வண்டியப் பின்னால எடுத்தாரு, என் வேலிய இடிச்சிட்டாரு. நான் விடாதீங்க விடாதீங்கன்னு கத்துதேன், உங்க தம்பி முறைக்காரரு ஒருத்தரு விடு விடுன்னு கைகாட்டுதாரு. அந்த நேரத்துல போன எடுத்து என்ன பேச?" வண்டிக்காரர் திருச்செங்கோட்டுப் பக்கம், போர் வண்டி எல்லாம் அங்கிருந்துதான் வரும், போனை வாங்கி அவரே பேசினார். "ஏனுங்கக்கா, நீங்க மொதல்ல அனுப்புன படத்துல, ஓரத்துல இன்ன கலருக்கு இன்ன தண்ணின்னு பொட்டி போட்டிருக்குதுங்களே, அதுல நல்ல தண்ணிப் பொட்டியும் சப்புத் தண்ணிப் பொட்டியும் ஒரே கலரா இருக்குதுங்க. ரெண்டும் ஒண்ணுன்னா அந்த மனுசன் எதுக்குங்க ரெண்டு பொட்டி போடறாரு? இதைய நம்பி நான் எங்கீங்க எறக்கறது? அதேன், வேற படம் வரட்டும்னு உக்காந்துட்டனுங்க." நான் நன்றிங்க, நன்றிங்க, பச்சைதான் நல்ல தண்ணிங்க என்று அவர் மாதிரியே சொல்லிக்கொண்டிருந்தேன். "இப்ப வந்த படம் வெள்ளிக்கெழமை கழுவுன வாசப்படி மாட்டம் பளிச்சுன்னு இருக்குதுங்க" என்றார். போன் மறுபடி புஷ்பத்திடம் போனது, இந்தத் தடவை அவள் குரல் மாறியிருந்தது. "மைனி, இந்தப் பச்சை எங்க வீட்டுப் பக்கத்துச் சந்துலல்லா வருது. அங்கன என் கோழிக்கூடு இருக்கு." கூடு இருக்கிறது தெருவுக்குச் சொந்தமான இடம்தானே என்றேன். "அது உங்களுக்கு இப்பத்தான் தெரியுதாக்கும். உங்க படத்துக்கு ஊருல வேற எடமே கெடைக்கலியா?" "ஒங்க அண்ணங்கிட்ட சொல்லி வேற கூடு அடிச்சுத் தாரேன் புஷ்பம்." "ஆமா, எங்க அண்ணன் அடிச்சாரு. கோழிக்கு வயசாயிரும்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள், ஆனால் வைக்கிறதற்கு முன்னால் அவள் யாரிடமோ கோழிகளைப் பிடிக்கச் சொன்னது கேட்டது.

உட்கார்ந்தேன். உட்கார்ந்தபிறகும் மனசு நிற்கவில்லை, ஆனால் இப்போது அது ஓடுகிற ஓட்டம் வேறு, அடிபடாமல் தப்பித்த பிறகு திரும்பித் திரும்பி அந்த லாரியைப் பார்க்கிற மாதிரி. ஜேபெக்கில் விரலை வைத்தேனே, அதைக் காலையிலேயே செய்திருந்தால்? சின்னதாக்கி, அழுத்தி அழுத்தி அனுப்பியிருந்தால் ஓரத்தில் இருக்கிற பெட்டிகள் பெரிசு, அவை பச்சை பச்சையாக, மஞ்சள் மஞ்சளாகத்தான் தெரிந்திருக்கும், வண்டிக்காரருக்குச் சந்தேகமே வந்திருக்காது. பட்டைதான் ஒல்லி. அதன் ஓரம் ஈசிப்போய், பச்சை கொஞ்சம் மஞ்சளுக்குள்ளும் மஞ்சள் கொஞ்சம் பச்சைக்குள்ளும் புகுந்து, பார்க்க அழகாக, நம்பும்படியாக இருந்திருக்கும், அந்த அழகை நம்பிச் சந்துக்கு இந்தப் பக்கம் நாலு முழம் தள்ளி இறக்கியிருப்பார்கள். நான் செய்தது முழு நாசம். முழு நாசமாக இருந்ததால் கண்ணுக்குத் தெரிந்தது, தெரிந்ததால் ஒரு மனுஷன் கம்பியை இறக்காமல் முறுக்குத் தின்றுகொண்டு உட்கார்ந்திருந்தான். இதற்காகச் சந்தோஷப்படலாமா என்று தெரியவில்லை, படுகிறேன். பதினாறு நிறத்துக் கோப்பை அழித்துவிடலாமா என்று அதன்மேல் அம்பைக் கொண்டுபோனேன், கை வரவில்லை, கல்யாணப் பேனருக்குப் பக்கத்தில் தள்ளி வைத்தேன். இன்னும் ஒன்று உறுத்துகிறது. படம் பழையது. அவர் சாயம் தீட்டினபோது இருந்த பச்சை இப்போதும் மண்ணுக்குள் பச்சையாகவே இருக்கிறதா, பக்கத்துக் கடலின் உப்பு அதற்குள் எவ்வளவு நகர்ந்து வந்துவிட்டதோ. அது என் கையில் இல்லை என்று சொல்லிக்கொண்டேன். உப்பு வந்தாலும் இனி என் பிழையால் இல்லை. சொல்லிக்கொண்டதும் அது பொய் என்று தெரிந்தது, பிழை யாருடையதாக இருந்தால் என்ன, எனக்கு வேண்டியது நல்ல தண்ணீர். செல்வின் இரண்டு ஃப்ளெக்ஸை என் பக்கம் தள்ளினான், காதுகுத்து ஒன்று, திறப்பு விழா ஒன்று, எழுத்து சரிபார்த்து, சிரிக்கிற முகங்களை அங்கும் இங்கும் நகர்த்தி, அடிக்கப் போட்டேன். வெயில் ஷட்டருக்கு உள்ளே ஏறி, என் செருப்பைத் தொட்டு, மேஜைக் காலுக்கு வந்தது. எங்கள் பக்கத்து மணலில் கம்பி சீக்கிரம் இறங்கும், பாறை கிடையாது. கூப்பிட்டுக் கேட்கலாம். கேட்கக் கூடாது. கூப்பிடக் கூடாது என்று போனைக் கவிழ்த்து வைத்தேன், கவிழ்த்து வைத்தால் வெளிச்சம் தெரியாதே என்று நிமிர்த்தி வைத்தேன். அடித்தது. "புஷ்பம்?" பேச்சில்லை. பெண்கள் கூச்சல், தகரத்தில் தண்ணீர் அடிக்கிற சத்தம், யாரோ "கலங்கல் போவட்டும், கலங்கல் போவட்டும், தெளியட்டும்" என்கிறார்கள். புஷ்பம் வாய் நிறைய எதையோ வைத்துக்கொண்டு "ம், ம்" என்றாள். என்ன, என்ன என்றேன். கொப்பளித்தாள், துப்பினாள், மறுபடி வாயில் ஊற்றிக்கொள்வது கேட்டது, இந்தத் தடவை துப்பவில்லை.

"மைனி, கரிக்கல" என்றாள்.

"இன்னொரு வாய் குடிச்சுப் பாரு புஷ்பம்."

"போங்க மைனி, வயிறு ரொம்பிட்டு."